கேட்டையா, மூலமா?

அத்தை வீட்டுக் கூடத்தில் இரண்டு தினசரி காலண்டர்கள் தொங்கும். ஒன்று நகைக்கடை கொடுத்தது, இன்னொன்று மளிகைக்கடை கொடுத்தது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்ததும் இரண்டிலும் தாளைக் கிழிப்பதுதான் அத்தையின் அடுத்த வேலை. தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன் போட்டிருக்கும். மேஷம் வரவு, ரிஷபம் அலைச்சல், மிதுனம் பரிவு, கடகம் சினம். அத்தை தனுசுக்கு நேராக விரலை வைத்து வாய்விட்டு வாசிப்பாள். அப்புறம் வீட்டில் இருக்கிற மற்றவர்களின் ராசியை வாசிப்பாள். திருவாரூரைச் சுற்றி எங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் இல்லாத வீடு குறைவு.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கோடை விடுமுறை முழுக்க நான் இரண்டு காலண்டரின் தனுசுப் பலனையும் ஒரு நோட்டில் அடுத்தடுத்து எழுதி வந்தேன். ஒன்று 'நட்பு' என்றால் மற்றது 'பகை' என்றது. ஒன்றில் 'ஓய்வு', மற்றதில் 'உழைப்பு'. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ராசி. நோட்டை அத்தையிடம் காட்டினேன். "அது அவங்கவங்க கணிப்புடா" என்றாள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை மூல நட்சத்திரம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை கணவனின் அண்ணனுக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. பூராடம் நூலாடாது, அதாவது தாலி நிலைக்காது. 27 நட்சத்திரத்தில் 5 இப்படிப் போயிற்று. கணக்குப் போட்டால் 100 பெண்களில் 18 பேர் பிறந்த அன்றைக்கே தள்ளிவைக்கப்படுகிறார்கள். மூலத்தை நான்கு பாதமாகப் பிரித்தால் முதல் பாதத்துக்கு மட்டும்தான் தோஷம், மற்ற பாதங்களுக்கு இல்லை என்று விவரம் தெரிந்த ஜோசியர்கள் சொல்வதுண்டு. தரகர் வாயில் பாதமெல்லாம் வராது. அத்தையோ சரியாக முதல் பாதம்.

இருபத்திரண்டு வயதில் தொடங்கிய வரன் தேடல் அவளுடைய முப்பத்தைந்தில் ஓய்ந்தது. "மாமனார் இல்லாத இடமாப் பாருங்க" என்று எல்லோரும் தாத்தாவுக்கு யோசனை சொன்னார்கள். தகப்பன் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடித் தாத்தா தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று பஸ் ஏறி அலைந்தார். ஒரு முறை தகப்பன் இருக்கிற இடமே கூடிவருவது போல இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பையனுடைய அப்பா காபியை வாங்கி வைத்துக்கொண்டு, "பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கு. ஆனா நானும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்ல?" என்று கேட்டாராம். அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தட்டை வெளியே கொண்டு வரவே இல்லை. அதற்கப்புறம் யார் பெண் பார்க்க வந்தாலும் அவள் பட்டுப் புடவை கட்டியதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். என்னையும் தங்கையையும் பாதி வளர்த்தது அவள்தான்.

தாத்தா காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் அத்தையின் ஜாதக நோட்டு கிடைத்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். மேலே எல்லா ஜாதகத்திலும் இருக்கும் 'ஜனனீ ஜன்ம சௌக்யானாம்' சுலோகம். அடியில் சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை கழித்துப் பிறந்தாள் என்று குறித்திருந்தது. அந்த நாழிகை எங்கிருந்து வந்தது? 1950களின் கடைசியில் எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. பிரசவம் வீட்டில்தான். "முதல் பஸ் போய்க் கொஞ்ச நேரம் கழிச்சுப் பொறந்தா" என்று மருத்துவச்சி சொன்னதை வைத்து ஜோசியர் நாழிகை போட்டார். அன்றைக்கு பஸ் சரியான நேரத்துக்கு வந்ததா என்று யாருக்குத் தெரியும்? லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சத்தில் லக்னம் மாற 13 நிமிடம் போதும். நவாம்சம் பார்க்காமல் கல்யாணம் பேசாதே என்பார்கள். பஸ் கால் மணி நேரம் தாமதமாக வந்திருந்தாலே அத்தையின் நவாம்சம் வேறு.

அது போகட்டும். லக்னம் தவறினாலும் நட்சத்திரம் தவறாது, சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதனால் பயமில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சும்மா ஒரு நாள் அத்தையின் பிறந்த தேதியையும் நேரத்தையும் போனில் ஒரு ஜாதகச் செயலியில் போட்டுப் பார்த்தேன். கேட்டை, நான்காம் பாதம், விருச்சிக ராசி என்று வந்தது. தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதேதான். பிறகுதான் மேலே 'திருக்கணிதம்' என்று இருந்ததைக் கவனித்தேன். 'வாக்கியம்' என்று மாற்றினேன். மூலம், முதல் பாதம், தனுசு. தாத்தாவின் நோட்டில் இருந்த அதே கட்டம்.

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு இருப்பது பலருக்குத் தெரியும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. வாக்கியம் என்றால் உண்மையிலேயே வாக்கியம். சந்திரன் தினம் தினம் எங்கே இருக்கும் என்பதை 248 நாளுக்கு 248 சிறு வாக்கியங்களாக வடமொழியில் கட்டி வைத்தார்கள். எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. வாக்கியத்தை உச்சரித்தால் சந்திரனின் இருப்பிடம் பாகையும் கலையுமாக வந்துவிடும். சந்திரன் பூமிக்கு அருகே வந்து விலகி மறுபடி அருகே வரும் சுற்று 9 முறை முடிய ஏறத்தாழ 248 நாள் ஆகும். அதனால்தான் அந்த எண். வரருசி என்கிற பழங்கால அறிஞர் செய்தது என்று மரபு சொல்கிறது. 14-ம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவன் அதை மேலும் துல்லியமாக்கினார். பாட்டுப் போல மனப்பாடம் செய்த சொற்களில் ஆகாயத்தையே மடித்து வைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் சந்திரனின் ஓட்டத்தைச் சூரியனும் இழுத்து அலைக்கழிக்கிறது. அந்தத் திருத்தங்கள் எல்லாம் பழைய வாக்கியங்களில் இல்லை. இன்றைய வானியல் கணக்கோடு போடுகிற திருக்கணிதத்தில் உண்டு. அதனால் ஒரு நட்சத்திரம் எப்போது முடிகிறது என்பதில் இரண்டுக்கும் சில மணி நேரம் வேறுபடலாம். அத்தை பிறந்தது அந்த இடுக்கில்.

சந்திரனில் சில மணி நேரம் என்றால், சனியில் மாதக்கணக்கு. சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20; திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது அன்றைக்குத்தான். நடுவே பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதமும் தனுசு ராசிக்காரருக்கு ஒரு கணக்கில் ஏழரைச் சனி முடிந்துவிட்டது, இன்னொரு கணக்கில் இன்னும் நடக்கிறது. மீன ராசிக்காரருக்கு ஒன்றில் தொடங்கிவிட்டது, ஒன்றில் தொடங்கவில்லை. அடுத்த பெயர்ச்சியிலும் இதே கதை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்று ஊரெல்லாம் பேச்சு பரவ, அன்றைக்குப் பெயர்ச்சி இல்லை, வாக்கியப்படி 2026-ல்தான் என்று கோயில் நிர்வாகம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வானத்தில் இருப்பது ஒரே சனி. தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் வளையத்தோடு ஓர் இடத்தில்தான் தெரியும்.

இரண்டு பஞ்சாங்கத்தை வைத்துப் பலன் சொல்கிறவர்களும் "என் கணிப்பு பலிக்கிறது" என்கிறார்கள். என் யோசனை நின்றுபோன இடம் இதுதான். தப்பான இடத்தில் சனியை வைத்துப் பார்த்தவருக்கும் பலித்தது, சரியான இடத்தில் வைத்துப் பார்த்தவருக்கும் பலித்தது என்றால், பலிப்பதற்கும் சனிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது என்று நம்பியவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயமான வேர் உண்டு. 1825-ல் மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் ஒரு சந்திர கிரகணம் நடந்தது. ஜான் வாரன் என்கிற ராணுவ அதிகாரி, புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரிடம் அதைக் கணக்கிட்டுக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் காகிதம் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளை முணுமுணுத்தபடி, சோழிகளை நகர்த்தி நகர்த்திக் கிரகணத்தின் நேரத்தைச் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிசகு, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கியும் அச்சிட்ட அட்டவணையும் இல்லாமல், வெறும் சோழியை வைத்து.

இந்தக் கணிதரைப் போன்றவர் ஒரு கிராமத்தில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்ன நாள், இன்ன நேரம் நிலா மறையும்" என்கிறார், மறைகிறது. அமாவாசை சொல்கிறார், வருகிறது. அதே ஆள் அதே திண்ணையில் உட்கார்ந்து, "இந்தப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமனார் தங்கமாட்டார்" என்கிறார். எப்படி நம்பாமல் இருப்பது? கிரகணத்தில் சம்பாதித்த நம்பிக்கையைத்தான் ஜாதகத்தில் செலவழித்தார்கள். நிலா எங்கே இருக்கிறது என்பது கணக்கு. தவறினால் எல்லோருக்கும் தெரியும், திருத்திக்கொள்ளலாம். நிலா அங்கே இருப்பதால் மாமனார் சாவார் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை. மூலத்து மருமகள் வந்த வீடுகளில் மாமனார் எத்தனை வருஷம் இருந்தார், மற்ற வீடுகளில் எத்தனை வருஷம் இருந்தார் என்று நம் ஊரில் யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?

ஜாதகத்தை எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர். 2025 மே மாதம் காலமானார். அவரும் நண்பர்களும் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அந்தக் குழுவில் ஒரு காலத்தில் ஜோதிடராக இருந்த பிரகாஷ் காட்பாண்டேயும் உண்டு, மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கம் நடத்திய நரேந்திர தாபோல்கரும் உண்டு. 2013-ல் புனேயில் காலை நடைக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அவர்தான்.

சோதனை எளிமையானது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர். 200 பேரின் பிறந்த விவரத்தையும் வாங்கி ஜாதகம் கணித்தார்கள். ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் அனுப்பி, எது எந்தப் பிள்ளையுடையது என்று பிரித்துச் சொல்லச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு யோகம் இருக்கிறதா என்பது போன்ற நுணுக்கமான கேள்வி இல்லை. ஒரு வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வித்தியாசம் என்ன இருக்க முடியும்? ஜாதகத்தில் எதுவுமே தெரியும் என்றால் இது தெரிய வேண்டும். 51 பேர் ஜாதகங்களைக் கேட்டு வாங்கினார்கள், 27 பேர் விடை அனுப்பினார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். காசு சுண்டிச் சொல்லியிருந்தாலே 50 வரும். ஒரு ஜோதிட நிறுவனம் 200 ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்தது. அதற்குக் கிடைத்தது 51 சதவீதம். 2009-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன.

தினசரி ராசிபலன் ஏன் 'அப்படியே' பொருந்துகிறது என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1948-லேயே அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்கிற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு 'உன் குணம் இதுதான்' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே வாசகம். கடையில் விற்ற ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்கு 60 லட்சம். அறுபது லட்சம் பேருக்கும் இன்று 'அலைச்சல்' என்றால், அலையாதவர் யார்?

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது தங்கை மகளுடைய விஷயம். போன மாதம் அவளுக்கு நல்ல வரன் ஒன்று வந்தது. இரண்டு பேரும் போனில் பேசியிருக்கிறார்கள், பிடித்திருக்கிறது. பையன் வீட்டு ஜோசியர் செவ்வாய் தோஷம் என்றார். எங்கள் ஜோசியர் தோஷமே இல்லை என்றார். ஒரே கட்டம்தான். செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கம். வடக்கே பல இடங்களில் 2-ஐ விட்டு 1-ஐச் சேர்ப்பார்கள். பன்னிரண்டில் ஐந்து இடம் என்றால் லக்னத்திலிருந்து எண்ணினாலே 100 பேரில் 42 பேருக்குத் தோஷம். சந்திரனிலிருந்தும் எண்ண வேண்டும், சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மூன்றில் எதிலிருந்து வந்தாலும் தோஷம் என்று வைத்தால் 100-க்கு 80 பேர் மாட்டுவார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இருப்பதைத் தோஷம் என்று சொல்ல முடியாதே, அதனால் விதிவிலக்குகள் வந்தன. சொந்த வீட்டில் இருந்தால் இல்லை, உச்சத்தில் இருந்தால் இல்லை, குரு பார்த்தால் இல்லை. எந்த விதியை எடுப்பது, எந்த விலக்கைக் கொடுப்பது என்பது உட்கார்ந்து பார்க்கிறவரின் கையில். சம்பந்தம் தட்டிப்போனது. அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது பாதி உண்மையாகிவிடும். அப்பா வேலை பார்த்த அரிசி ஆலை மூடியபோது எங்கள் வீட்டில் மூன்று வருஷம் கடன்தான். அம்மாவைத் தாங்கிப் பிடித்தது ஒரே ஒரு வாக்கியம்: "ஏழரை நடக்குது, முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்." சனிக்கிழமை எள் விளக்கு போட்டுவிட்டு வரும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அப்பாவைக் குற்றம் சொல்லாமல் இருக்கவும் அது உதவியது. கெட்டது நேரம்தான், மனுஷன் இல்லை. பன்னிரண்டில் மூன்று ராசிக்கு எப்போதும் ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும், நாட்டில் கால்வாசிப் பேர் எந்த நாளிலும் அதில்தான் இருப்பார்கள் என்று அன்றைக்கு நான் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அது கொடுமை. சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தன் மனத்தை ஆற்றிக்கொள்ள ஒருவர் எதைப் பிடித்துக்கொண்டாலும் அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. அதே நோட்டை வைத்து இன்னொருவரின் வாசலை அடைக்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் ஊரில் வயதான ஜோசியர் ஒருவர் இருக்கிறார். காசுக்கு ஆசைப்படாத நல்ல மனிதர். அத்தையின் இரண்டு கட்டத்தையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நான் வாக்கியம்தான். எங்க அப்பா, தாத்தா எல்லாரும் வாக்கியம்."

"அப்ப திருக்கணிதம் தப்பாங்கய்யா?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன். கிரகணத்துக்கு நானே அதைத்தான் பார்க்கிறேன்."

"அப்ப எங்க அத்தை?"

அவர் பதில் சொல்லவில்லை. தட்சணைத் தட்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டார். நான் கிளம்பும்போது, "ரெண்டு கட்டத்தையும் வச்சு ஜாதகம் பார்க்கணும்னு அந்தக் காலத்துல யாருக்கும் தோணலை தம்பி" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அறுபத்தைந்து தாண்டிய மனுஷியிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமல் வைத்துக்கொள்வதும் அவளை இன்னொரு முறை கதவுக்குப் பின்னால் நிறுத்துவது மாதிரிதான் இருந்தது. ஒரு மத்தியானம் அவள் தையல் மெஷினில் பழைய புடவையைத் தலையணை உறையாக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். திருக்கணிதப்படி நீ மூலமே இல்லை, கேட்டை. மாமனாருக்கு ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளைக்கு அண்ணன் இல்லாமல் இருந்தால் போதும்.

மெஷின் நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இது உங்க தாத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"நல்லவேளை" என்றாள். "தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் தாங்கியிருக்க மாட்டாரு."

வேறு எதுவும் கேட்கவில்லை. உறையை முடித்துத் தலையணைக்கு மாட்டிப் பார்த்தாள். சாயங்காலம் வழக்கம்போல விளக்கேற்றினாள்.

மறுநாள் காலை கோலம் போட்டுவிட்டு வந்து இரண்டு காலண்டரிலும் தாளைக் கிழித்தாள். என் ராசியை வாசித்தாள். என் மனைவியின் ராசியை வாசித்தாள். தங்கை மகளுடையதையும் வாசித்தாள். விரல் விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இரண்டு தாளையும் நான்காக மடித்து, பால் கணக்கு எழுத ஆகும் என்று மெஷின் டிராயரில் போட்டுக்கொண்டாள்.